எட்டாவது கட்டு

பெருவிரலை நாக்கில் தொட்டு, நோட்டீஸ் கட்டுக்குள் இருந்து ஒரு தாளை உருவி, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, ஆழ்வாப்பிள்ளையர் முதலில் வாசித்துக் காட்டுவார். "தீபாவளி மாபெரும் மலிவு விற்பனை. பதுளை மீனலோசனி ஸ்ரோர்ஸ். ஒருமுறை விஜயம் செய்யுங்கள்." அதற்குப் பிறகுதான் தாள் கைமாறும். கேட்டு வந்தவர் லாம்புச் சிமினி துடைக்கத்தான் கேட்கிறார் என்று தெரிந்தாலும், அச்சுப் பக்கம் மேலே இருக்கும்படிதான் நீட்டுவார். மடத்துவெளி ஊரில் பாதிப்பேருக்கு அந்த நோட்டீஸ் மனப்பாடம்.

"அண்ணை, நைலெக்ஸ் சேலை இன்னும் அரைவிலைதானோ?" என்று பக்கத்து வளவு அம்பலவாணர் சீண்டுவார்.

"ஓம், அரைவிலைதான். உமக்கெண்டால் கால்விலை. சேலைதான் இல்லை."

சேலையும் இல்லை, கடையும் இல்லை. எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடியில், ஊர்க்கோயில் கொடியேற்றத்துக்கென்று மலைநாட்டுப் பதுளையிலிருந்து வந்தவர், வந்த கையோடு யாழ்ப்பாணத்து அச்சகம் ஒன்றில் அந்த வருடத் தீபாவளிக்கு நாலாயிரம் நோட்டீஸ் அடித்து, ஐந்நூறு ஐந்நூறாக எட்டுக் கட்டுகளை வீட்டில் இறக்கினார். தேர் முடிந்ததும் கொண்டுபோவதாக ஏற்பாடு. தேருக்கு முன்பே கலவரத்தில் கடை எரிந்த செய்தி வந்து சேர்ந்தது. திருவிழாவுக்கு வந்ததால் அவர் தப்பினார். அவரோடு அந்த எட்டுக் கட்டும் தப்பின.

மீனலோசனி அவருடைய மனைவி. தன் பெயர்ப்பலகை தொங்கிய கடையை அவள் இரண்டு தரம்தான் கண்டிருக்கிறாள். செய்தி வந்த கிழமையே, குசினியில் அடுப்பு மூட்ட ஒரு கட்டு நோட்டீசை அவிழ்க்கப் போனாள்.

"கடை எரிஞ்சது காணாதே? இதையும் எரிக்கோணுமே?" என்று அவர் மறித்தார்.

அதன் பிறகு அவள் அந்தத் தாள்களைத் தொட்டதில்லை.

பதுளையில் இருந்த காலத்தில் அவர் தாளை மதித்தவரே அல்லர். ஐப்பசி பிறந்துவிட்டால் ஒரு வான் பிடித்து, ஒலிபெருக்கி கட்டி, தோட்டம் தோட்டமாகப் போய் நோட்டீசை வாரி வாரி எறிவார். ஒருவரும் கேட்டதில்லை. பாதி சேற்றில் மிதிபட்டது. மீதியில் வெற்றிலை சுற்றினார்கள். நகரத்து வீடுகளுக்கு வாக்காளர் இடாப்பைப் பார்த்துத் தபாலில் அனுப்பினார். இடாப்பில் பெயர் வெட்டுப்படாமல் கிடந்த இறந்தவர்களுக்கும் தீபாவளி அழைப்புப் போனது.

"நூறு எறிஞ்சால் ஒரு ஆள் கடைக்கு வரும். மற்றதெல்லாம் வீண்தான்," என்று அம்பலவாணரிடம் ஒப்புக்கொள்வார். "ஆனால் அந்தப் பனிக்குள்ளை அது பறக்கிறதை நீர் பார்த்திருக்கோணும்." சொல்லும்போதே வலது கை மேலே போய் விரியும். கடையோடு எரிந்துபோன முதலீட்டைப் பற்றி அவர் பேசுவது குறைவு. தேயிலைச் செடிகளின் மேல் வெள்ளை வெள்ளையாய்ப் போய் உட்கார்ந்த அந்தத் தாள்களை நினைத்துத்தான் ஏங்கினார்.

தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தால் சாமான்கள் வருவது தடைப்பட்டு, எழுதுகிற கொப்பியும் கிடைக்காமல் போனபோது, நோட்டீசின் எழுதாத பின்பக்கத்துக்கு மவுசு வந்தது. கலியாணச் சாமான் பட்டியலும் மரண அறிவித்தலும் கனடாவுக்குப் போன கடிதங்களும் அதில்தான் எழுதப்பட்டன. ஏழு கட்டுகள் அப்படியே கரைந்தன. எட்டாவதை மட்டும், அச்சகத்து மண்ணிற உறை கிழியாமல், அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்.

"நிலைமை சரிவரட்டும். திரும்பக் கடை திறக்கேக்கை நோட்டீஸ் தயாராய் இருக்கு. திகதியை வெட்டி எழுதினால் காணும்." அவருக்கு வயது அறுபத்தாறு. அந்த உறை கிழியாதவரை கடை மூடப்படவில்லை என்று மனப்பூர்வமாக நம்பியிருந்தார்.

தொண்ணூற்றோராம் ஆண்டு ஆடியில் பள்ளிக்கூடத்து ஞானசவுந்தரி ரீச்சர் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"ஐயா, நாளைக்குத் தவணைச் சோதினை. பிள்ளையளுக்கு விடை எழுத ஒரு தாளும் இல்லை."

"முடிஞ்சுபோச்சு, ரீச்சர்," என்றார். சொல்லும்போது கண் அலுமாரிப் பக்கம் போய்வந்தது. ரீச்சர் அதைப் பார்த்தும் பார்க்காதவர்போல எழுந்து போனார்.

அன்று மத்தியானம் அவர் சோற்றைப் பாதியில் தள்ளி வைத்தார். சோற்றுக் கோப்பையை எடுக்க வந்த மீனலோசனி, "கேக்காத சனத்துக்கு வாரி எறிஞ்ச மனுசன் நீங்கள்," என்றாள்.

மறுநாள் காலை எட்டாவது கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். ரீச்சர் கத்தரிக்கோலை எடுத்தார்.

"வெட்டாதேங்கோ," என்று தடுத்து, முடிச்சை நகத்தால் அவரே அவிழ்த்தார். நூலை நாலு விரலில் சுற்றி, கடைக்காரர் வழக்கப்படி மடியில் செருகிக்கொண்டார். பிறகு உறையைப் பிரித்தார்.

"ஞாபகத்துக்கு ஒண்டை நீங்கள் வைச்சிருங்கோவன், ஐயா."

"வேண்டாம். ஒரு பிள்ளைக்கு உதவும்."

அப்போது உள்ளே புகுந்த சோளகக் காற்று, மேலே இருந்த தாளைக் கிளப்பிக்கொண்டு முற்றத்துக்குப் போனது. ஆழ்வாப்பிள்ளையர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் பின்னால் ஓடினார். மணலில் இரண்டு தரம் தப்பவிட்டார். கடைசியில் கிளுவை வேலியில் மாட்டியதை, முள்ளில் கிழியாமல் பக்குவமாக எடுத்து, புழுதியை ஊதி, நெஞ்சோடு வைத்துக் கையால் நீவிக்கொண்டே திரும்பி வந்தார். இந்தத் தடவை வாசிக்கவில்லை. அச்சுப் பக்கத்தைக் கீழே கவிழ்த்துக் கட்டின் மேல் வைத்தார்.