மீனுக்கு வைத்திருந்த மின்சாரம்

எங்கள் வீட்டு ஷெட்டில் கார் நின்றது மூன்று வருடம்தான். அதன் பிறகு அங்கே மீன்கள் இருக்கின்றன. பத்தடிக்குப் பதினெட்டடி, முன்னால் இரும்பு ஷட்டர், மேலே சிமெண்ட் ஷீட். இரண்டு பக்கமும் ஆங்கிள் ஸ்டாண்டு அடித்து, தெர்மோகோல் விரித்து, பதினான்கு கண்ணாடித் தொட்டிகளை வைத்தேன். கப்பி, மோலியில் ஆரம்பித்து ஏஞ்சல் மீனில் வந்து நின்றேன். அதற்கு அப்புறம் கார் தெருவில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது.

"காருக்கு வெயில், மீனுக்கு நிழல். நல்ல குடும்பம்" என்பாள் என் மனைவி, வீட்டுக்கு வருகிறவர்களிடம்.

தஞ்சாவூருக்குத் தெற்கே, கடல் பக்கமாக, கடைமடையில் இருக்கிறது எங்கள் ஊர். ஒரு நாளிதழுக்கு இங்கே இருபத்தைந்து வருடமாகப் பகுதிநேர நிருபர். முறை வைத்து ஆற்றில் தண்ணீர் விடுவது, நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் நனைந்தது, சாலை மறியல் என்று எழுதுவேன். மற்ற நேரமெல்லாம் ஷெட்டில்தான் கழியும். காலையில் அடியில் சேர்ந்த கழிவை டியூப் போட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும். எங்கள் ஊர் போர் தண்ணீர் லேசாக உப்பு. அதனால் மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் கலந்து, ஒரு நாள் வைத்திருந்து ஊற்ற வேண்டும். தண்ணீர் மீனுக்குப் பிடித்த மாதிரி இருக்க, காய்ந்த பாதாம் இலையை ஊறப் போட வேண்டும்.

அந்த இலை பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அவர்களுடைய வாசலில் பெரிய பாதாம் மரம் இருந்தது. அந்த வீட்டுப் பெண் கூட்டும்போதே நல்ல இலையாகப் பார்த்து ஒரு அரிசிச் சாக்கில் எடுத்துவைப்பார். சாக்கு நிறைந்ததும் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே அது தலை நீட்டும்.

"அண்ணே, உங்க பிள்ளைங்களுக்குச் சாப்பாடு வந்திருக்கு."

"சாப்பாடு இல்லம்மா, கசாயம்."

"ஏதோ ஒண்ணு. வாங்கிக்கங்க, கை வலிக்குது."

அவருடைய கணவர் துபாயில் ஒரு கடையில் சரக்கு அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் அந்தப் பெண், படுக்கையில் இருக்கும் மாமியார், பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். என் ஷெட்டின் பின்சுவரை ஒட்டித்தான் அவர்களுடைய அடுப்படி. எங்கள் ஷெட்டுக்கும் அந்த அடுப்படிக்கும் நடுவே ஒன்பது அங்குலச் சுவர் ஒன்று. அதை நான் அப்போது ஒரு தகவலாக மட்டும் தெரிந்துவைத்திருந்தேன்.

புயல் வந்த அன்று என் மனைவி திருச்சிக்கு, மகளின் பிரசவத்துக்காகப் போயிருந்தாள். விடியற்காலை காற்று நின்றபோது தெருவில் கம்பங்கள் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்து கிடந்தன. தென்னைகள் பாதியில் முறிந்திருந்தன. பக்கத்து வீட்டுப் பாதாம் மரம் வேரோடு சாய்ந்து, அவர்களுடைய ஓட்டுக்கூரையின் ஒரு மூலையை உடைத்திருந்தது. நல்லவேளை, அது ஆள் படுக்கும் பக்கம் இல்லை. என் ஷெட்டில் ஒரு ஷீட் மட்டும் விரிசல் விட்டிருந்தது. தொட்டி ஒன்றுகூட உடையவில்லை.

கரண்ட் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பது பார்த்ததுமே தெரிந்தது. வீட்டில் ஒரு இன்வெர்ட்டர் இருந்தது. பதினான்கு தொட்டிக்கும் காற்றுக் கொடுப்பது ஒரே ஏர் பம்ப்தான். அது நின்றால் நெருக்கமாக மீன் இருக்கும் தொட்டிகளில் சில மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அந்த வாரம் என் ஏஞ்சல் ஜோடி ஒன்று முதல்முறையாகத் தன் முட்டைகளைத் தானே தின்னாமல் விட்டிருந்தது. குஞ்சுகள் நீந்த ஆரம்பித்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வீட்டில் விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டேன். பம்பை ஒரு மணி நேரம் ஓடவிட்டு ஒரு மணி நேரம் நிறுத்தினேன். என் போனுக்கு மட்டும் சார்ஜ் போட்டுக்கொண்டேன். செய்தி அனுப்ப வேண்டும் அல்லவா.

மூன்றாம் நாள் காலை டவர் வந்துவிட்டதாகத் தெரு முழுக்கப் பேச்சு. கடைத்தெருவில் ஒரு செல்போன் கடைக்காரர் ஜெனரேட்டர் வைத்துச் சார்ஜ் போட்டுக் கொடுக்க, அங்கே வரிசை பஸ் ஸ்டாண்டு வரை நின்றது. நான் போய் அதைப் படம் எடுத்து வந்தேன். வீட்டு வாசலில் உட்கார்ந்து செய்தியைத் தட்டச்சு செய்து அனுப்பினேன். அதில் ஒரு வரி இப்படி இருந்தது: 'நகரின் கிழக்குப் பகுதித் தெருக்கள் முற்றிலும் சிதைந்து, அங்குள்ள குடும்பங்களின் நிலை என்னவென்று தெரியாமல் வெளியூர் உறவினர்கள் தவிக்கின்றனர்.' கிழக்குப் பகுதி என்பது எங்கள் தெருதான். நான் உயிரோடு, நலமாக, அந்தத் தெருவில் உட்கார்ந்துதான் அதை எழுதினேன். மரங்களும் ஓடுகளும் போயிருந்தன. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வரி இல்லாமலே செய்தி முழுமையாக இருந்திருக்கும்.

செய்தியை அனுப்பிவிட்டுப் பம்பைப் போட்டேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே வந்தபோது பக்கத்து வீட்டுப் பெண் கேட்டருகே நின்றார். ஒரு கையில் எவர்சில்வர் தூக்கு, மறு கையில் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய போனும் சார்ஜரும்.

"அக்கா இல்லாம என்ன சாப்பிடுறீங்களோ. கஞ்சிதான். விறகுல வச்சேன், புகை அடிக்கும், கோவிச்சுக்காதீங்க."

வாங்கிக்கொண்டேன்.

"அண்ணே, டவர் வந்துடுச்சாமே. இதைக் கொஞ்சம் சார்ஜ் போட்டுத் தர்றீங்களா? அவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும். கடைத்தெருவுல நிக்கலாம்னா மாமியைத் தனியா விட்டுட்டு வர முடியல."

"பேட்டரி தீர்ந்துபோச்சும்மா" என்றேன். "லைட்டுக்கே இல்ல."

இதை யோசித்துச் சொல்லவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் யோசித்தேன். ஒருவருக்குப் போட்டுக் கொடுத்தால் தெருவே வரும் என்று யோசித்தேன். சற்று முன் படம் எடுத்த வரிசை என் வாசலில் நிற்பதாகக் கண்ணில் வந்தது. குஞ்சுகள் இருக்கும் தொட்டி கண்ணில் வந்தது. எல்லாம் ஒரு நொடிக்குள் நடந்தது. என் போன் சட்டைப் பையில் இருந்தது. அவர் கணவருடைய நம்பரை வாங்கி, 'எல்லோரும் நலம்' என்று அதிலிருந்தே அனுப்பியிருக்கலாம். அது அப்போது தோன்றவே இல்லை. தோன்றியிருந்தாலும் செய்திருக்க முடியாது. பேட்டரி தீர்ந்த வீட்டில் போன் மட்டும் எப்படி உயிரோடு இருக்கிறது என்று கேள்வி வரும்.

அவர் ஷட்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சரிங்கண்ணே. தூக்கை மெதுவாக் குடுங்க, அவசரமில்ல."

கஞ்சியைக் குடித்தேன். புகை வாசம் இல்லை.

மறுநாள் காலை அவர் கடைத்தெருவுக்குப் போய்ப் போனைக் கொடுத்துவிட்டு வந்தார். மாலையில் மகளை அனுப்பி வாங்கிவரச் செய்தார். கூப்பிட்டபோது துபாய் நம்பர் அணைத்துவைக்கப்பட்டிருந்தது. அந்த நேரத்தில் அவர் கணவர் விமானத்தில் இருந்தார்.

ஐந்தாம் நாள் காலையில் அவர் வந்தார். சாலையில் மரங்கள் கிடந்ததால் பஸ் தூரத்திலேயே இறக்கிவிட, தோளில் ஒரு பையோடு நடந்தே வந்தார். வீட்டுவாசலில் மகளைப் பார்த்ததும் பையைப் போட்டுவிட்டுச் சாய்ந்து கிடந்த பாதாம் மரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். மகள் "வாப்பா, வாப்பா" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். நான் ஷெட் வாசலில் பக்கெட்டோடு நின்றிருந்தேன். என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

இரண்டு நாள் கழித்துக் கூரையில் தார்ப்பாய் கட்ட நானும் போனேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டே அவர் சொன்னார்.

"லீவு கேட்டேண்ணே. சீசன் நேரம், முடியாதுன்னுட்டான். அப்பத்தான் ஒருத்தன் உங்க நியூஸைப் போன்ல காட்டுறான். நம்ம தெரு. நிலை என்னன்னு தெரியலன்னு போட்டிருக்கு. வேற யாராவது எழுதியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். அண்ணன் எழுதியிருக்காரு, பக்கத்து வீடு, பாக்காமலா எழுதுவாருன்னு சொல்லாமக் கொள்ளாம ஏறிட்டேன்."

"இப்போ வேலை?"

"விசாவைக் கேன்சல் பண்ணிட்டான். போகட்டும்." சிரித்தார். "இவகிட்டேர்ந்து ஒரு மிஸ்டு கால் வந்திருந்தாக்கூட அங்கேயே கெடந்திருப்பேன். போன்தான் செத்துப்போச்சாமே."

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி, "கயிறை இழுங்க. பேச்சை அப்புறம் இழுக்கலாம்" என்றார்.

நான் முடிச்சுப் போடுவதில் கவனமாக இருந்தேன்.

அன்று திரும்பி வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பம்பின் அடியில் எத்தனை வாட் என்று எழுதியிருக்கிறது, சார்ஜரிலும் எழுதியிருக்கிறது. ஒரு போனை முழுதாக நிரப்பும் மின்சாரத்தில் என் பம்ப் அரைமணி நேரம் ஓடும். அவ்வளவுதான். அவர் கேட்டது ஒரு வார்த்தை பேசுகிற அளவு. அது ஐந்து நிமிடப் பம்ப். தெருவில் நின்ற காரில் சார்ஜர் சொருகும் துளை ஒன்று இருக்கிறது, எஞ்சினைப் போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும் என்பது அதற்கும் பிறகுதான் நினைவுக்கு வந்தது. மீன்களில் ஒன்றுகூடச் சாகவில்லை. யாராவது கேட்டால் அதைத்தான் முதலில் சொல்லிக்கொண்டிருந்தேன், பிறகு நிறுத்திவிட்டேன்.

சாலை சரியானதும் என் மனைவி வந்தாள். வந்ததும் கேட்டாள், "பக்கத்து வீட்ல எப்படிச் சமாளிச்சாங்க? நீங்க ஏதாவது பண்ணீங்களா?"

"தார்ப்பாய் கட்டிக் கொடுத்தேன்" என்றேன். அது உண்மைதான்.

ஒரு மாதம் கழிந்திருக்கும். சுவருக்கு மேலே சாக்கு தலை நீட்டியது. சாய்ந்த மரத்தை வெட்டி ஏற்றுவதற்கு முன் இலைகளை உருவி, மொட்டைமாடி இல்லாததால் தெருவில் பாய் விரித்துக் காயவைத்திருக்கிறார். வழக்கமான சாக்கைவிடப் பெரியது.

"கடைசிச் சாக்கு அண்ணே. இனிமே மரம் இல்ல. சிக்கனமாப் போடுங்க."

வாங்கிக்கொள்ள என் கை போகவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, இப்போது சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பித்தேன்.

"அன்னிக்குப் போன் சார்ஜுக்குக் கேட்டியேம்மா. பேட்டரி..."

"இருந்துச்சு" என்றார்.

"உங்க மெஷின் சத்தம் எங்க அடுப்படிக்கு நல்லாக் கேக்கும். எப்பவும் கேக்குறதுதான். அன்னிக்கு ஊரே சத்தமில்லாம கெடந்துச்சா, இன்னும் நல்லாக் கேட்டுச்சு. மாமிகூடக் கேட்டாங்க, அண்ணன் வீட்டுக்குக் கரண்ட் வந்துடுச்சா, போய்ப் போனைப் போட்டுட்டு வான்னு. அதான் வந்தேன். திரும்பிப் போனதும் என்னாச்சுன்னாங்க. கரண்ட் இல்ல மாமி, அது மீனுக்குன்னேன்."

அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் அதை இங்கே எழுதியிருப்பேன். இல்லை.

"அவருகிட்ட..."

"சொல்லல. சொன்னா என்ன ஆகப் போகுது? தெனமும் மூஞ்சியப் பாக்கணும்ல. இந்தச் சாக்கைப் பிடிங்க, கை வலிக்குது."

பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஷெட்டின் வெளிச்சுவரில், கேட்டுக்கு வெளியே கை எட்டும் இடத்தில், மழை படாத மூடியோடு ஒரு பிளக் போர்டு வைத்தேன். இன்வெர்ட்டரிலிருந்து லைன். இது எதற்கு என்று மனைவி கேட்டாள். அப்போதுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வழக்கமாக ஏதாவது சொல்லிக் குத்துவாள். அன்று நேரே உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்குப் போய் வெகுநேரம் இருந்துவிட்டு வந்தாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

போர்டைப் பார்த்த அந்தப் பெண், "நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்ககிட்ட இப்ப பவர் பேங்க் இருக்குங்கண்ணே. ரெண்டு வாங்கிட்டோம்" என்றார்.

அவர் கணவர் இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறார். கும்பகோணத்துக் கடைக்கு நான் மீன் அனுப்பும் நாட்களில் ஆக்சிஜன் பிடித்த பைகளை அவர்தான் ஏற்றிப் போகிறார். மேட்டில் பள்ளத்தில் மெதுவாகப் போவார். "உங்க பிள்ளைங்க பத்திரமா இறங்கிட்டாங்க" என்று போன் செய்து சொல்வார். தகவல் சொல்லாவிட்டால் ஆள் தவித்துப்போவான் என்று அவருக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் நன்றி சொல்கிறேன். மற்றதைச் சொல்லவில்லை. சொல்வதானால் அவர் மனைவி மறைத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இப்படி எழுதும்போதே அதுவும் ஒரு சாக்கு என்று தெரிகிறது.

பிளக் போர்டை இதுவரை யாரும் பயன்படுத்தவில்லை. மூடிக்குள் ஒருமுறை குளவி மண்கூடு கட்டியிருந்தது, சுரண்டி எடுத்தேன்.

போன மழையில் ஒருநாள் மத்தியானம் கரண்ட் போயிற்று. இன்வெர்ட்டர் பம்பை எடுத்துக்கொண்டது. தெரு அடங்கிக் கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் வைக்கும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அப்படியானால் இந்தப் பக்கம் ஓடுவது அங்கே எப்படிக் கேட்கும் என்று தெரிந்தது. பம்பை நிறுத்திவிட்டேன். ஒரு மக்கை எடுத்து, ஒவ்வொரு தொட்டியாகத் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்ற ஆரம்பித்தேன். கையாலும் காற்றைக் கலக்கலாம். புயலின்போதும் அது எனக்குத் தெரியும். பதினான்காவது தொட்டிக்கு வருவதற்குள் தோள் கனத்தது. அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. கரண்ட் வரும்வரை மறுபடியும் முதல் தொட்டியிலிருந்து ஊற்றினேன்.