ஜேட்டிமா சுட்ட இரட்டைக் குழல்

வங்காளத்துப் பெஹாலாவில் நாங்கள் மாடியில் குடியிருந்த பழைய வீட்டில், துர்கா பூஜையைவிட நான் ஆவலாகக் காத்திருந்தது அந்த வீட்டுத் துப்பாக்கிக்குத்தான். அஷ்டமியும் நவமியும் கூடுகிற சந்தி பூஜை நேரத்தை ஊருக்குச் சொல்ல, வீட்டுக்காரர் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்து இரண்டு முறை சுடுவார். அவரை ஜேட்டு என்றும் அவர் மனைவியை ஜேட்டிமா என்றும் கூப்பிடுவோம். நம்மூர்ப் பெரியப்பா, பெரியம்மா மாதிரி. மறுநாள் ஜேட்டுவின் வலது தோள் கன்றி நீலம் பாரித்திருக்கும். ஜேட்டிமா உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டே அவரைத் திட்டித் தீர்ப்பார். அந்தத் திட்டு மாடிவரை கேட்கும்.

ஜேட்டு இறந்த வருஷம் துப்பாக்கி வெளியே வரவில்லை. அடுத்த பூஜைக்குள் ஜேட்டிமா அலிப்பூர் ஆபீசுக்கு நடையாய் நடந்து லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். இனி நானே சுடுவேன் என்றார். அவருடைய கொழுந்தனாருக்கு வந்ததே கோபம்! விதவை, அதிலும் ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. சுடும்போது ஓர் அடி பின்வாங்கினாலும் துப்பாக்கியும் சுடுகிற உரிமையும் தன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். ஜேட்டிமா சரி என்று தலையாட்டிவிட்டார்.

அம்மா தன் தம்பியை வரவழைத்தாள். பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று பேங்க் வாசலில் காவல் நிற்கிற மாமா. துப்பாக்கியைத் தொட்டதைவிட, பணம் கட்ட வருகிறவர்களுக்குப் பேனா எடுத்துக் கொடுத்ததுதான் அதிகம் என்று அப்பா கேலி செய்வார். மொட்டைமாடியில் மாமா முதலில் துப்பாக்கியை நடுவில் மடக்கி, இரண்டு குழலும் காலி என்று காட்டினார். அதன் வழியே எதிர்வீட்டுக் கொடியில் காயும் சேலை தெரிந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகக் குழல் வைத்ததும் உண்டாம், போட்டியில் சுடுகிறவர்களிடம் இருக்குமாம். இது பக்கத்தில் பக்கத்தில்; பேங்கில் அவர் வைத்திருப்பதும் இதே ஜாதி. முன்விசை வலது குழலுக்கு, பின்விசை இடதுக்கு.

"ரெண்டையும் சேத்து அழுத்திடாதீங்க தீதி. தோளோட ஒட்டிப் புடிங்க. எடம் விட்டா உதைக்கும், ஒட்டிப் புடிச்சா தள்ளும், அவ்வளவுதான்," என்று ஜேட்டிமாவை அக்கா முறை வைத்து மாமா இந்தியில் சொன்னதை அம்மா வங்காள மொழியில் சொன்னாள்.

பிறகு மாமா ஒரு துண்டை மடித்து, ஜேட்டிமா பிடித்திருந்த குழலின் முனையில் வைத்துப் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஜேட்டிமா ஒவ்வொரு முறையும் தடுமாறினார். இடது காலை முன்னால் வைத்து, உடம்பை முன்னால் சாய்த்து நிற்கச் சொன்னார் மாமா. அப்படியும் கடைசிவரை ஜேட்டிமா அரை அடியாவது பின்னால் போனார்.

அந்த வருஷம் சந்தி பூஜை மத்தியானம் வந்தது. மேளம் நின்றது. கொழுந்தனார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜேட்டிமா முற்றத்தின் நடுவில் வந்தார். முதல் வெடிக்குப் புறாக்கள் எல்லாம் கூரையை விட்டுக் கிளம்பின. நான் அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்பு குலுங்கியது, கால் அசையவில்லை. இரண்டாவது வெடி. அதற்கும் அசையவில்லை. பத்துக் கையோடு துர்கா பின்னால் இருந்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அப்படி ஒருத்தரை நான் அதுவரை பார்த்ததில்லை. கொழுந்தனார் வந்து அண்ணியின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

மறுநாள் அம்மா உப்பு ஒத்தடத்தோடு கீழே போனாள்; நானும் போனேன். ஜேட்டுவுக்கு இருந்த அதே இடத்தில், அதே நீலம். துணியைக் கிட்டே கொண்டுபோனதும் ஜேட்டிமா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இருக்கட்டும் என்றார். விரலால் அந்த இடத்தை மெல்ல அழுத்திப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

"ஒத்தடம் குடுத்தா அந்த நீலம் சீக்கிரம் போயிடுமில்லம்மா?" என்று படியேறும்போது கேட்டேன்.

"அதனாலதான்டி வேணாங்கறாங்க," என்றாள் அம்மா.

இரண்டு தோட்டாவுக்குப் பயப்படாதவர், ஒரு பிடி உப்பின் சூட்டுக்கு இப்படிப் பயப்படுகிறாரே என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.