குத்தாத ஊசிக்கு ஒரு பஞ்சு

கீரமங்கலம் பக்கத்து மொய்விருந்துகளுக்குச் சமைக்கும் மாஸ்டர் நான். எனக்குக் கீழே ஆறு பேர். போன வருடம் ஆடிக்கு முன்னால் அக்கம்பக்கத்தில் மஞ்சள்காமாலை பரவியது. ஊர் ஆஸ்பத்திரி டாக்டர் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பெரியவங்களுக்கு வந்தா ரொம்ப நாள் படுக்கப் போட்டுரும். நீங்க ஊருக்கே சோறாக்குறவங்க, ஒங்க கை வழியா சோத்துலயும் பரவும். தடுப்பூசி போட்டுக்கங்க. ஆறு மாசம் விட்டு இன்னொண்ணு. கை வலிக்கும், லேசாக் காய்ச்சல் வரலாம், அம்புட்டுதான்."

அந்த ஆறு பேரில் காய் நறுக்கும் பெண்தான், நாங்கள் தங்கச்சி என்று கூப்பிடுபவள், மிரண்டாள். "அண்ணே, இந்த வயசுல ஊசி போட்டா ஒண்ணும் ஆயிறாதுல்ல?"

"நான் மொதல்ல போட்டுக்கிட்டு வாரேன், பாரு ஆத்தா."

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனேன். நர்ஸம்மா ஊசியை எடுத்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். சின்ன வயதிலிருந்தே எனக்கு ஊசி ஆகாது. "இன்னும் பசியாறலம்மா, கடைசியா வாரேன்" என்று புளுகிவிட்டு, மேசைமேல் இருந்த பஞ்சில் ஒரு துண்டைக் கிள்ளிக் கையில் அழுத்திக்கொண்டு வெளியே வந்தேன். "எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று சிரிக்க வேறு செய்தேன். அட வெட்கங்கெட்டவனே! என்னை நம்பி ஆறு பேரும் வரிசையாகப் போய்ப் போட்டுக்கொண்டார்கள். நான் கடைசியாகவும் போகவில்லை.

ஆவணி முடிவதற்குள் எனக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. சோற்றைக் கண்டாலே குமட்டல். அதற்கு முந்தின வாரம்கூட ஒரு விருந்தில் வெங்காயப் பச்சடி பிசைந்திருந்தேன். பச்சடியை மாஸ்டர்தான் கையால் பிசைய வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதைத் தின்று யார் யார் படுத்தார்களோ, விசாரிக்கக்கூட எனக்குத் துணிச்சல் வரவில்லை. என்னோடு ஒரே சட்டியில் சாப்பிட்ட ஆறு பேருக்கும் ஒன்றும் வரவில்லை.

தங்கச்சி தினமும் கஞ்சி கொண்டுவந்தாள். நான் தேறி எழுந்த பிறகும் அதை நிறுத்தவில்லை. மார்கழியில் இரண்டாவது ஊசிக்கு நாள் நெருங்கியபோது சொன்னாள்: "நாங்க யாரும் போகலண்ணே. போட்டுக்கிட்ட ஒங்களுக்கே வந்துருச்சு. அந்த ஊசி வேஸ்ட்டு."

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் என் மானம் தப்பும், இவர்கள் பாதிப் பாதுகாப்போடு நிற்பார்கள். நாலு நாள் மூடிக்கொண்டுதான் இருந்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும். ஐந்தாம் நாள் அவளை உட்காரவைத்துச் சொன்னேன்.

"நான் போடவே இல்ல ஆத்தா. பஞ்சை மட்டும் எடுத்துக்கிட்டு வந்தேன்."

அவள் திட்டவில்லை. தூக்குவாளியை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

ஆனால் சொன்ன தேதிக்கு ஆறு பேரும் வந்தார்கள். நானும் போய்ச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு முதல் ஆளாக நின்றேன். டாக்டர் சிரித்தார். "ஒங்களுக்கு நோயே வந்து போயிருச்சே, இனிமே இந்த ஊசி தேவையில்ல."

வெளியே வந்து அதைச் சொன்னேன். தங்கச்சி என் வெறுங்கையைப் பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டாள்:

"டாக்டரய்யா, இவரு சொல்றது நெசந்தானுங்களா?"