முதல் படிக்குப் பெயர் லாபம்

புது ராகியின் தூசி கழுத்தில் ஒட்டினால் குளிக்கும்வரை அரிக்கும்... அந்த அரிப்போடுதான் எனக்கு அந்த நாள் நினைவுக்கு வருகிறது.

ஐம்பதுகள். ராயக்கோட்டைப் பக்கம் எங்கள் களம். எனக்கு எட்டு வயது இருக்கும்.

எங்கள் பக்கம் தானியம் அளக்கும்போது "ஒண்ணு" என்று தொடங்கமாட்டார்கள். முதல் படி "லாபம்". அப்புறம்தான் ரெண்டு, மூணு. கூலிக்கு வரும் தெலுங்குக்கார நாகம்மா "லாபம், ரெண்டு, மூடு" என்பாள். கன்னடக்காரர்களுக்கு "லாப, எரடு, மூரு". முதல் படி எல்லாருக்கும் பொது. அதற்கு மேல்தான் அவரவர் பாஷை!

அது சமஸ்கிருத வார்த்தையாம், "கிடைத்தது" என்று அர்த்தமாம். பேத்தி சொல்கிறாள். இருக்கட்டும். மூன்றாம் வகுப்போடு நின்ற எனக்குத் தெரிந்த அர்த்தம் வேறு... அந்த வார்த்தையை யார் சொல்கிறார்களோ, குவியல் அவர்களுடையது.

அந்த வருஷம் அப்பா இறந்து மூன்று மாதம். ராகி வாங்க எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கன்னடக்கார சாவுகார் வண்டியோடு வந்திருந்தார். அம்மா படியை எடுத்தாள். சித்தப்பா அதைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணி, நீங்க தொடாதீங்க. தாலியறுத்தவங்க வாயில லாபம் வரக்கூடாது. நான் அளக்கறன்."

அவர் அளந்தால் இந்த வருஷம் ராகி போகும், அடுத்த வருஷம் நிலமும் போகும். அம்மாவுக்கு அது தெரியும்.

"களையெடுக்க இந்தக் கை ஆவும், அளக்க ஆவாதா? ஒரு நாளாவது வந்து குனிஞ்சியா நீ?"

நாகம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "சின்னவருக்குக் குவியலப் பாத்தாத்தான் இடுப்புவலி போவுது! நுவ்வே கொலு அக்கா, நீயே அள!"

சாவுகார் கோணியை விரித்துப் பிடித்தார். "நீவே அளீரி தாயீ. பொழுதாவுது."

அம்மா படியைக் குவித்து நிரப்பினாள். களம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"லாபம்!"

சித்தப்பா துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது என் வீட்டுக்காரர் இறந்து இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் நானும் மகனும் ராகி விற்கப் போனோம். எலக்ட்ரானிக் தராசு. மூட்டையை வைத்தால் நம்பர் வருகிறது. யாரும் வாய்விட்டு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. என்னைத் தடுக்கவும் யாரும் இல்லை. கூட நின்று சிரிக்கவும் ஒரு நாகம்மா இல்லை...

எடை போட்டவர் தலை நிமிராமல் கேட்டார், "ரசீது யார் பேர்லம்மா?"

இத்தனை வருஷமும் வீட்டுக்காரர் பேர்தான். மகன் என்னைப் பார்த்தான்.

"என் பேர்ல போடுங்க" என்றேன்.