நாவல் பழச் சிவப்பு

தம்பிக்கு அப்போது மூன்று வயது, எனக்கு எட்டு. யுத்தத்தில் பாலையூற்றில் எல்லாரும் மெலிந்துகொண்டிருக்க, அவனுக்கு மட்டும் வயிறு உப்பி வண்டி வைத்தது. அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. நிவாரண மாவிலேயே பிள்ளையைக் கொழுக்க வைத்துவிட்டாளாம். கண்படக்கூடாதென்று கன்னத்தில் பொட்டு வேறு. நான் அந்த வயிற்றில் தாளம் போட்டு விளையாடினேன். கால்சட்டைப் பொத்தான் பூட்டாதபோதும், கைகால் ஈர்க்குச்சியாய்க் கிடந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

பக்கத்து வீட்டு வளவுக்காரர் இந்தியாவுக்கு ஓடிப்போயிருந்தார்கள். மிதிவெடி இருக்கும், அங்கே கால் வைக்கக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. ஆனால் அங்கே நாவல் மரம் நின்றதே! வாய் ஊதாவாகும்வரை இருவரும் தின்றோம். பின்னேரம் வேலியோரம் தம்பி சிறுநீர் கழிக்க, மணல் சிவந்தது. பழச்சாறுதான் இறங்குகிறதென்று முடிவுகட்டி, காலால் மணலைத் தள்ளி மூடினேன். மறுநாளும் சிவந்தது, மறுநாளும் மூடினேன். என் கெட்டித்தனத்தில் எனக்கே ஒரு மதிப்பு வந்தது.

அந்த வாரம் அப்பாவின் தங்கை, மாமி, தம்பலகாமத்திலிருந்து வந்து கிணற்றடியில் அவனைக் குளிப்பாட்டினார். சவர்க்காரம் போட்ட கை இடது விலாவுக்குக் கீழே நின்றுவிட்டது. பூச்சியாக்கும், மருந்து கொடுத்தாயிற்று என்றாள் அம்மா.

“பூச்சியெண்டால் ஒரு பக்கம் மட்டும் கல்லு மாதிரிக் கிடக்குமே, மச்சாள்? தொட்டாலும் அழுறானில்லை. விடியவே ஆஸ்பத்திரிக்குப் போவம்.”

நானும் தொற்றிக்கொண்டேன். சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் ஒருவன் சிரித்துக்கொண்டு தம்பியின் வண்டியைத் தட்டினான். அன்றைக்கு அம்மா சிரிக்கவில்லை.

டொக்டர் விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பார்த்துவிட்டு, இனி இந்த வயிற்றை ஒருவரும் அழுத்தக்கூடாது என்றார். என் தாளம் ஞாபகம் வந்து கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். சிறுநீர் சிவப்பாய்ப் போனதா என்று கேட்டார். இல்லை என்றாள் அம்மா. தம்பி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“ஓம், போனது. நாவல் பழம் தின்னக் குடுத்தனான். மண்ணால மூடினதும் நான்தான்.”

அது பழமில்லை, இரத்தம் என்று டொக்டர் அம்மாவிடம் சொன்னார். அன்றே கொழும்புப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் துண்டு எழுதினார். சிறுநீரகத்தில் புற்றுநோய்க் கட்டி. அந்தச் சிறுநீரகத்தை எடுத்து, மாதக்கணக்கில் மருந்தேற்றி, மொட்டைத் தலையோடு தம்பியைத் திருப்பித் தந்தார்கள். இன்று அவனுக்கு வைத்திருப்பது உண்மையான வண்டி. மனைவி ஏசிக்கொண்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் அன்று நான் அடிக்காகக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். அடி விழவில்லை. அம்மா என் தலையைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள். தப்பிவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.