இரண்டாவது துளை

கனடாவில் இருந்து அண்ணன் போன் எடுத்து, அந்தப் பழைய சைக்கிள் பிறேமைச் சுரண்டித் துடைத்து, பெயின்ற் அடித்துத் தனக்கு அனுப்பச் சொல்கிறான். புது வீட்டுச் சுவரில் தொங்கவிட வேணுமாம். அங்கே இப்போது அதுதான் நாகரிகமாம். அவன் ஓடுவது ஒரு கையால் தூக்கக்கூடிய சைக்கிள். ஆனாலும் சுவருக்கு இரும்புதான் வேணுமாம்.

தாறதா? தலை போனாலும் ஏலாது.

நான் ஆர் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். திருகோணமலையில் சைக்கிள் என்றால் என் கடையைத்தான் கை காட்டுவார்கள். அன்புவழிபுரத்தில் ஒரு கடை, டவுனில் ஒரு கடை, கிண்ணியாவில் மருமகன் பார்க்கிறது இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கூட்டலும் கழித்தலும். பெருக்கலைக் கடையில்தான் படித்தேன். நிலாவெளி ஹோட்டல்காரர்கள் எங்கெங்கோ கிடந்த பழைய பிறேம்களை எல்லாம் தேடிப் பிடித்து என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன் என்றால் பிறேம் எந்தப் பக்கம் கோணியிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இஞ்சினியருக்குப் படித்த அண்ணனுக்கு அது ஏலாது. அவன் பாலம் கட்டுவான், அவ்வளவுதான்.

ஆரார் பிறேமையோ புதிதாக்கிக் கொடுத்த நான், இந்த ஒன்றை மட்டும் தொடாமல் கடைக் கூரையில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். போன கிழமை இறக்கிச் சுரண்டத் தொடங்கினேன். அண்ணனுக்கு அனுப்ப இல்லை. அவன் வாய் திறந்து கேட்டுவிட்டான் அல்லவா? அதனால், அவன் வந்து பார்க்கிற நேரம் அது என் கடை வாசலில் மினுங்கிக்கொண்டு நிற்க வேண்டும்.

இந்தப் பிறேமை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது மாமா, அம்மாவின் தம்பி. கப்பல் பழுதுபார்க்கிற டொக்யாட்டில் இரும்பு ஒட்டுகிற வேலை அவருக்கு. வெளியில் இருந்து ஒரு சாமானும் ஒழுங்காக வராத காலம் அது. ஒருநாள் பின்னேரம், கழிவிரும்புக்குள் கிடந்த பிறேமைப் பூணூல் மாதிரித் தோளில் மாட்டிக்கொண்டு முற்றத்தில் வந்து நின்றார். சில்லும் இல்லை, ஹாண்டிலும் இல்லை. கறல் பிடித்த வெறும் எலும்பு. மாமா அதைக் கல்லில் சாத்தி நகத்தால் ஒரு சுண்டு சுண்டினார். கோயில் மணி மாதிரிச் சத்தம் வந்தது.

"கேட்டியளே? வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனது. குழாய் பொருந்துற இடத்தைப் பாருங்கோ, பித்தளை ஒட்டு. இனி ஆர் இப்பிடி ஒட்டப் போறான்?" என்றார்.

நானும் அண்ணனும் அதைச் சுரண்டினோம். கடற்கரை மண்ணும் மண்ணெண்ணெயும் தென்னந்தும்பும்தான் எங்கள் அரத்தாள். முன்பக்கம் அண்ணன், பின்பக்கம் நான். சும்மா சொல்லக் கூடாது, என் பக்கம்தான் முதலில் வெளுத்தது. அவன் சுரண்டும்போதும் வாய்க்குள் ஏதாவது வாய்ப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பான்.

பிறேம் ஒன்று, பிள்ளைகள் இரண்டு. ஆருக்கு என்று மாமா சொல்லவில்லை. எனக்குத்தான் என்று நானே முடிவு செய்துவிட்டேன். நியாயத்தை நீங்களே சொல்லுங்கோ: அண்ணன் வகுப்பில் முதலாம் பிள்ளை. வாத்தியார்கள் வீட்டுக்கு வந்து அவனைப் புகழ்ந்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார்கள். என்னைப் பற்றிக் கதைக்க ஒருவரும் வந்ததில்லை. வந்தாலும் தேத்தண்ணி கொடுக்கிற மாதிரியான கதையாக அது இருந்திராது. படிப்பு அவனுக்கு என்றால் சைக்கிள் எனக்குத்தானே?

ஆனால் மாமா ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு வந்து, அண்ணனைச் சுவரோடு நிற்கச் சொல்லி, அவன் காலை அளந்து முடிச்சுப் போட்டார். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"மாமா, என்ர காலையும் அளவுங்கோ."

"உன்ர கால் இன்னும் ஓடித் திரியுது. நிண்ட பிறகு அளப்பம்."

அண்ணன் சிரிக்கவில்லை. அவன் சிரித்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

அதன் பிறகு மாமா அந்தச் சைக்கிளுக்குச் செய்த சோடனைகளை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. பிறேமின் மேல் பாருக்குக் கீழே இன்னொரு பாரை ஒட்டினார். எங்கள் பக்கத்தில் இரட்டைப் பார் சைக்கிள் அது ஒன்றுதான். எங்களைப் போன்ற சின்னப் பெடியன்கள் சீற்றில் ஏறாமல், பாருக்குக் கீழே காலை விட்டுத்தான் பெரிய சைக்கிள் ஓடுவோம். அந்த இடத்தையே மாமா இரும்பால் அடைத்துவிட்டார். எனக்கென்றே செய்த வஞ்சகம் என்று நினைத்தேன். பின்னுக்கு வாங்குப் பலகை மாதிரி அகலமான கரியர். சைக்கிளை நேராகத் தூக்கி நிறுத்த இரட்டைக்கால் ஸ்ராண்ட். முன்னுக்குப் பெரிய லைற். எல்லாம் முடிந்த பிறகு போர்க்கப்பல் சாம்பல் நிறத்தில் பெயின்ற். டொக்யாட் வேலைக்காரர் வீடுகளில் கதவு, கதிரை, தண்ணி வாளி எல்லாம் அந்த நிறம்தான். அது எப்படி வீட்டுக்கு வந்தது என்று ஒருவரும் ஒருவரையும் கேட்பதில்லை.

அப்பா விறாந்தைக் கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். கப்பலுக்கு ஏறுகிற பலகையில் இருந்து விழுந்து முதுகு அடிபட்டு, வீட்டோடு இருந்தார். பகலிலும் அப்பா வீட்டில் இருப்பது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. இடைக்கிடை மாமாவுக்குப் புத்தி சொல்லுவார்.

"பாரம் பின்னுக்குக் கூடினா முன்சில்லு தூக்கும். பெடியன் விழுந்திடுவான்."

அந்தப் 'பெடியன்' நான் இல்லை என்பது மட்டும்தான் எனக்குக் கேட்டது.

கடைசியாகச் சீற். பாரம் ஏறினால் சீற் வழுகி இறங்கிவிடும் என்று, அதைத் தாங்குகிற குழாயில் துளை போட்டு, பிறேமோடு சேர்த்துக் குறுக்கே ஓர் இரும்பாணியைச் செருகினார் மாமா. அதற்கு ஒரு துளை போதும். அவர் இரண்டு போட்டார். ஒன்றில் ஆணியைச் செருகினால் சீற் அண்ணனின் உயரத்தில் நின்றது. மற்றதில் செருகினால் நன்றாகக் கீழே இறங்கிவிடும். நான் இதைக் கண்டுபிடித்த நேரம் எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல!

"மாமா, மற்றது ஆருக்கு?"

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அது பிறகு. தேவை வந்தா" என்றார்.

குசினிக்குள் நின்ற அம்மா, கையில் அகப்பையோடு வெளியே வந்தா. "அது வேண்டாம். அதை அடைச்சுவிடு."

"கிடக்கட்டும் அக்கா. ஒரு துளைதானே."

"அடைச்சுவிடு எண்டு சொல்லுறன். மூத்தவன் ஒருத்தன் போதும்."

மாமா அப்போதே அடுப்பை மூட்டினார். வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகளைச் சிரட்டைக்கரியில் உருக்கி, அந்தத் துளைக்குள் ஊற்றி அடைத்தார். மேலே பெயின்றையும் பூசிவிட்டார். துளை இருந்த இடமே தெரியவில்லை. அன்று நான் சாப்பிடவில்லை. பெற்ற தாயே எனக்கென்று இருந்த ஒரு துளையையும் அடைத்துவிட்டா என்றால், பிறகு எதற்குச் சாப்பாடு?

அடுத்த நாள் கரியரில் ஒரு பெரிய மரப்பெட்டியை வைத்துப் பூட்டினார்கள். அந்தப் பெட்டிக்குள் அண்ணன் எதைப் பூட்டி வைத்து எனக்குக் காட்டாமல் விடப் போகிறான் என்பதுதான் என் கவலை. அதற்குள் பாண் இருந்தது, சுடச்சுடப் பேக்கரி ரொட்டி. டவுனில் பேக்கரி வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் விடிய முதல் போய்ப் பாண் எடுத்து, வீடு வீடாக விற்க வேண்டும். அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டான்.

இதைக் கேட்டதும் என் பொறாமை இரட்டிப்பாகிவிட்டது. சைக்கிளும் உண்டு, பள்ளிக்கூடமும் இல்லை! ஒரு மனிதனுக்கு இதைவிட வேறு என்ன வேணும்? உட்துறைமுக வீதியால் அவன் மணியை அடித்துக்கொண்டு வந்தால் சனம் கதவைத் திறந்துகொண்டு காத்து நிற்கும். சின்னப் பிள்ளைகள் "பாண்கார அண்ணா!" என்று பின்னால் ஓடும். வீட்டுக்கு வந்தால் பெரிய மீன் துண்டு அவனுக்கு. எனக்கு வால். கேட்டால், "அவன் உழைச்சுப்போட்டு வாறான்" என்பா அம்மா. அவன் சைக்கிளில் சும்மா குந்தியிருந்துவிட்டு வருகிறான். நான்தான் பள்ளிக்கூடத்துக்கு நடக்கிறேன்.

இதெல்லாம் போதாது என்று, பின்னேரங்களில் அண்ணன் எனக்குப் பக்கத்தில் வந்து இருப்பான். அவன் சட்டையில் பாண் மணக்கும்.

"டேய், இண்டைக்கு என்ன படிப்பிச்சவை?"

"ஏன், உனக்கென்ன?"

"சும்மாதான். என்ர வகுப்பு வாத்தியாரைக் கண்டனியே? என்னைப் பற்றி ஏதும் கேட்டவரே?"

"இல்லை" என்பேன். அந்த வாத்தியார் கேட்டவர். ஒவ்வொரு நாளும் கேட்டவர். நான் ஏன் சொல்ல வேணும்? சைக்கிளும் அவனுக்கு, விசாரிப்பும் அவனுக்கா? அவன் என் புத்தகத்தை எடுத்து விரிப்பான். நான் பறித்து எனக்குக் கீழே வைத்து அதன் மேல் இருந்துவிடுவேன். என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். அதையும் எடுக்க வருகிறான் என்று ஆத்திரம்.

ஒருநாள் பின்னேரம் அம்மா கிணற்றடியில் நின்றா. அண்ணன் என்னுடைய பூமிசாத்திரப் புத்தகத்தை நெஞ்சில் வைத்தபடி நித்திரையாகிக் கிடந்தான். சைக்கிள் வீட்டுக்குப் பின்னால் நின்றது. ஒரு ஆணியையும் கல்லையும் எடுத்துக்கொண்டு போனேன். பெயின்ற் எவ்வளவு மறைத்தாலும் என் விரலுக்கு அந்த இடம் தெரியும். ஈயம் மெத்தென்றது. நாலு தட்டில் மறுபக்கத்தால் விழுந்துவிட்டது.

"என்னடா அங்க தட்டுறாய்?" என்று அப்பா கட்டிலில் இருந்து கூப்பிட்டார்.

"சும்மா, அப்பா."

குறுக்காணியை உருவி, சீற்றை இறக்கி, புதுத் துளையில் செருகினேன். இறுக்கமாக, ஆடாமல் இருந்தது. இதுதான் என் முதல் மெக்கானிக் வேலை. ஒருவரும் சொல்லித் தரவில்லை. போன கிழமை சுரண்டும்போது பார்த்தேன், அந்தத் துளையின் விளிம்பில் ஈயம் இன்னும் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்த நாள் அண்ணன் எழும்ப முதல் நான் எழும்பிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். பேக்கரி நானா என்னைக் கண்டு கையில் இருந்த பாணைக் கீழே வைத்தார்.

"தம்பி, எங்க உங்கட அண்ணன்?"

"அவருக்கு ஏலாதாம். இனி நான்தான்."

"கால் எட்டுமா?"

"சீற்றைப் பாருங்கோ நானா."

அவர் குனிந்து சீற்றையும் ஆணியையும் பார்த்தார். முகம் ஒரு மாதிரிப் போனது. "அப்ப வீட்டில முடிவெடுத்துட்டாங்க போல. சின்னவனையுமா..." என்று சொல்லிக்கொண்டு, பெட்டியை நிரப்பினார்.

அன்று நான் ஓடின ஓட்டத்தை யாராவது பார்த்திருக்க வேண்டும்! கடற்கரைப் பக்கம் திரும்பும்போது மட்டும், டவுனுக்குள் திரிகிற மான் கூட்டம் ஒன்று குறுக்கே வந்து, நானும் பெட்டியும் மண்ணில் சரிந்தோம். அந்த மான்களுக்கு மனிதரிடம் பயம் இல்லை. நான் எழும்ப முதல் ஒன்று ஒரு பாணை எடுத்து நின்ற இடத்திலேயே மெல்லத் தொடங்கிவிட்டது. மிச்சத்தைத் தட்டித் துடைத்து எல்லாவற்றையும் விற்றேன். முழங்கால் கிழிந்து இரத்தம் வந்ததும் எனக்குப் பதக்கம் மாதிரித்தான் இருந்தது.

முற்றத்துக்கு மணியடித்துக்கொண்டு வந்தேன். வாசலில் அண்ணன் நின்றான். தன் பழைய பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தான். தோள் இறுகி, மேல் பொத்தான் பூட்டுப்படவில்லை. கையில் புத்தகங்கள். வேலைக்குப் போகிற வழியில் மாமாவும் வந்து நின்றார். அம்மா என்னைப் பார்க்கவில்லை. சீற்றைத்தான் பார்த்தா. மாமா கிட்ட வந்து, குறுக்காணியைத் தொட்டு ஆட்டிப் பார்த்தார்.

"சரியாத்தான் பூட்டியிருக்கிறான்" என்றார், மெதுவாக. நான் வாங்கின ஒரே ஒரு சேர்ட்டிபிக்கற் அதுதான். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"அம்மா, பெல் அடிக்க முதல் போனா உள்ளுக்கு விடுவினம்," என்றான் அண்ணன். "போகட்டா?"

அம்மா அவனைப் பார்த்தா. பிறகு என் முழங்காலைப் பார்த்தா.

"போ" என்றா. அவனிடம்தான் சொன்னா. ஆனால் கண் என்னில்தான் இருந்தது.

அண்ணன் ஓடினான். சைக்கிளைத் திரும்பியும் பார்க்கவில்லை. தோற்றவன் அப்படித்தான் ஓடுவான் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்குப் பெரிய மீன் துண்டு எனக்கு. அம்மா பக்கத்தில் இருந்து, சோற்றைப் பிசைந்து, தன் கையாலேயே தந்தா. முந்தி அண்ணனுக்குக்கூட அப்படித் தந்ததில்லை. தருகிற நேரமெல்லாம் அவவின் கண்ணில் இருந்து தண்ணி வழிந்துகொண்டே இருந்தது. சைக்கிள் அண்ணனிடமிருந்து போய்விட்டதே என்றுதான் அழுகிறா என்று எனக்கு விளங்கிவிட்டது. அவவுக்கு எப்போதும் அவன்தான் உசத்தி. அழட்டும் என்று விட்டுவிட்டு, எழும்பிப் போய், என் சைக்கிளின் மணியை இன்னொருதரம் அடித்துப் பார்த்தேன்.