அட்டையில் ஐந்து கட்டை

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சிதம்பரத்தில் ஒரு சின்ன ஹாலில், ஒன்றரை மணி நேரத்துக்குள் நான்கு முறை எழுந்து வெளியே போய்விட்டு வந்தேன்.

நான்காவது முறை எழுந்தபோது பக்கத்து நாற்காலிக்காரர் பரிவோடு என் காதருகே குனிந்தார். “பெரியவரே, சுகர் ஜாஸ்தியா? பாத்ரூம் பின்னாடி இருக்கு. இந்தப் பக்கம் போனா தெருவுதான்.”

தெருவுக்குத்தான் போனேன். சர்க்கரையெல்லாம் கட்டுக்குள்தான் இருக்கிறது. உட்காரத்தான் முடியவில்லை.

ஹாலில் அப்படி என்ன நடந்தது? மாசிலாமணிக்கு விழா. மாலை, பொன்னாடை, நினைவுப் பரிசு என்று நடக்கிற விழா இல்லை. அவருடைய இசைப் பதிவுகளை ஆரம்பத்திலிருந்து வரிசையாக ஒலிக்கவிட்டு, எல்லோரும் பேசாமல் உட்கார்ந்து கேட்பது. கேசட்டில் வந்தது, சிடியில் வந்தது, இப்போது செல்போனில் மட்டும் வருவது... ஒரு மனிதரின் முப்பது வருஷ உழைப்பு, இரண்டு ஸ்பீக்கர்கள் வழியாக நான்கு மணி நேரம்.

அவரைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சிதம்பரத்துக்குப் பக்கத்தில் கிள்ளை என்ற ஊர்க்காரர். விவசாயக் குடும்பம். இருக்கிற கீர்த்தனைகளைப் பாடுவதோடு நிற்காமல், நம் ராகங்களை வைத்து நீளமான புதிய இசையை எழுதுகிறவர். நாகஸ்வரமும் மேல்நாட்டுச் செல்லோவும் நாற்பது நிமிஷம் ஒரே ராகத்தில் பேசிக்கொள்ளும். நடுவில் தவில் எட்டிப் பார்க்கும். தனக்கு வேலை இல்லை என்று தெரிந்ததும் மரியாதையாகப் போய்விடும். ‘முகத்துவாரம்’ என்ற அவருடைய சிடியைக் கேட்டுவிட்டு நான் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய பாராட்டு என்று புரியும்.

ஆனால் அவருடைய பதிவுகளில் ஒரு விசித்திரம் உண்டு. மனிதக் குரலே கிடையாது. முதல் கேசட்டில் மட்டும் ஒரு பெண் பாடியிருந்தார். அதற்குப் பிறகு எல்லாமே வாத்தியம்.

ஏன்?

விழாவுக்கு ஒரு கையேடு போட்டிருந்தார்கள். அதன் முன்னுரைக்குத் தலைப்பு, ‘குரலைத் துறந்த கலைஞன்’. சொல்லைக் கடந்த மௌனம், அர்த்தத்தின் சுமையை இறக்கிவைத்த நாதம் என்று ஆறு பக்கம். படித்தவர்கள் அசந்துபோனார்கள்.

எழுதியது நான்தான்.

பொய் என்று தெரிந்தே எழுதினேன்.

அன்றைக்கு இடைவேளைக்குப் பிறகு நான் இருபது நிமிஷம் அதையே பேசவும் வேண்டும். காலையில் கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினேன், இறங்கினேன், மறுபடி ஏறினேன். கண்டக்டர் பொறுமையாகக் கேட்டார்: “பெரியவரே, நீங்க வர்றீங்களா, இல்ல யாரையாவது வழியனுப்ப வந்தீங்களா?”

நியாயமான கேள்வி. புதுச்சத்திரம் தாண்டும்வரை எனக்கே பதில் தெரியவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் கேசட்டின் பெயர் ‘சுரபுன்னை’. பிச்சாவரத்து உப்புத் தண்ணீரில் வேரூன்றி நிற்கும் மரம். பாடியவர் மாசிலாமணியின் மனைவி கோமதி. நான் அப்போது ஒரு பத்திரிகையில் இசை விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தேன். சின்னப் பத்திரிகைதான். ஆனால் கச்சேரி வைக்கிறவர்கள் அதைப் படிப்பார்கள். என் வரியைப் பார்த்து ஒருவரைக் கூப்பிட்டதும் உண்டு, கூப்பிடாமல் விட்டதும் உண்டு.

கடலூர் செம்மண்டலத்தில் என் வீட்டு டேப் ரெக்கார்டரில் அதைப் போட்டுக் கேட்டேன். ஒரே ஒருமுறை. இழுவையாக இருந்தது. குரல் கனத்து, சோர்ந்து, எங்கோ கீழே இறங்கிக் கிடந்தது. கேசட் அட்டையைப் பார்த்தேன். ‘சுருதி: ஐந்து கட்டை’ என்று அச்சடித்திருந்தார்கள். கட்டை என்பது, பாடுகிறவர் எந்த உயரத்தில் நின்று பாடுகிறார் என்பதற்கான கணக்கு. எனக்குச் சந்தேகம் வந்தது. ஆர்மோனியத்தை எடுத்து வைத்து ஒத்துப் பார்த்தேன்.

நாலரை!

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வேண்டுமா? விமர்சகனுக்கு இதைவிட என்ன விருந்து? உடனே எழுதினேன்: “அட்டையில் ஐந்து கட்டை, பாட்டில் நாலரை. மீதி அரைக் கட்டையைப் பாடகி எங்கே தொலைத்தாரோ!”

ஊரே ரசித்தது. தெரு முனையில் நிறுத்திக் கைகொடுத்தார்கள். “அரைக் கட்டை சார்” என்று ஒருவர் எனக்குப் பெயரே வைத்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து அந்த டேப் ரெக்கார்டர் ஒரு கேசட்டின் நாடாவைத் தின்றது. மேல்பட்டாம்பாக்கத்தில் பஷீர் பாய் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். துபாயில் இருந்து திரும்பி வந்து ரிப்பேர் கடை வைத்திருந்தார். மூடியைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஒரு கறுப்பு ரப்பர் வளையத்தைச் சுண்டுவிரலில் மாட்டித் தூக்கினார். வாடிய மாலை மாதிரித் தொங்கியது.

“பெல்ட்டு தளர்ந்து ரொம்ப நாளாச்சு சார். மெதுவாத்தான் சுத்தியிருக்கும். இதுலயா பாட்டு கேட்டுக்கினு இருந்தீங்க?”

“ஏன் பாய்?”

“இதுல குயிலு கூவினாகூட எருமை கத்தற மாதிரி இருக்குமே சார்!”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். புது பெல்ட் மாட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து ‘சுரபுன்னை’யைப் போட்டேன். ஆர்மோனியத்தைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. முதல் ஸ்வரத்திலேயே தெரிந்துவிட்டது.

இரண்டு வரி போதும். ‘தவறு என் கருவியுடையது. பாடகி சரியாகத்தான் பாடியிருக்கிறார்.’ பத்திரிகையில் இடம் இருந்தது. ஆசிரியர் நல்லவர், போட்டிருப்பார். நான் எழுதவில்லை. அரைக் கட்டை சார் எப்படி எழுதுவார்? அடுத்த வாரம் எழுதலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் வேறு ஒரு கச்சேரி வந்தது. அதற்கு அடுத்த வாரம்... அது இந்த வாரம்வரை நீண்டுவிட்டது.

கோமதி பிறகு பாடவே இல்லை. மாசிலாமணி வாத்தியங்களுக்கு மாறினார். பெரிய ஆளானார். அவருடைய ஒவ்வொரு பதிவுக்கும் முதலில் ஓடிப்போய்ப் புகழ்ந்து எழுதியவன் நான்தான். பிராயச்சித்தம் என்று வேறு நினைத்துக்கொண்டேன். அழகைப் பாருங்கள். தப்பு செய்தது மனைவிக்கு. புகழ்ந்து தீர்த்தது கணவரை!

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்தேன். இரண்டாவது பதிவிலிருந்துதான் ஆரம்பித்திருந்தது. லேப்டாப்பை வைத்து எல்லாவற்றையும் ஒலிக்கவிட்டுக்கொண்டிருந்தவர் செல்வம். வங்கி ஊழியர், விழாவை ஏற்பாடு செய்தவரும் அவர்தான். “முதல் கேசட் கிடைக்கலையா?” என்று கேட்டேன்.

“இதுல இருக்கு சார். கோமதி அக்காதான் போடக்கூடாதுன்னுட்டாங்க. ‘அதப் போட்டீன்னா நான் எழுந்து போயிடுவேன்’னாங்க.”

அதற்குப் பிறகுதான் என்னால் உட்கார முடியாமல் போனது.

இடைவேளையில் ஹாலுக்கு வெளியே கோமதி ஃபிளாஸ்க்கிலிருந்து எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் கரகரத்துப் போயிருக்கிறது.

“என்ன அண்ணே, உள்ள போறதும் வெளிய வர்றதுமா இருக்கீங்க? இவரு மியூசிக் அவ்வளவு மோசமாவா இருக்கு?”

“கோமதிம்மா... ஒண்ணு சொல்லணும்.”

“டீ ஆறிப்போவுது. குடிச்சிக்கினே சொல்லுங்க.”

நின்றபடியே சொன்னேன். பெல்ட், பஷீர் பாய், எழுதாமல் விட்ட இரண்டு வரி. எல்லாம். அவர் டீ ஊற்றுவதை நிறுத்தவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். ஒருவர் சர்க்கரை கேட்டார்; எடுத்துக் கொடுத்தார். கடைசி கிளாஸ் போன பிறகு ஃபிளாஸ்க்கை இறுக மூடினார்.

“நீங்க எழுதினதப் படிச்சிட்டு, அன்னைக்கே வீட்டுல போட்டுக் கேட்டோம் அண்ணே. சரியாத்தான் இருந்துச்சு. அஞ்சு கட்டைல கரெக்டா நின்னுது. அப்ப இவரு என்ன சொன்னாரு தெரியுமா? ‘அவ்ளோ படிச்சவரு தப்பா எழுதுவாரா? நம்ம மெஷின்தான் வேகமா சுத்துது போல’ன்னாரு.”

டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

“நானும் நம்பிட்டேன். எனக்குக் காதே சரியில்லன்னு ஆயிப்போச்சு. தம்புரா பக்கத்துலயே இருக்கு, ஆனா அதும்மேல நம்பிக்கை இல்ல. கீழ எறங்கிட்டா மறுபடி எழுதுவாங்களேன்னு கொஞ்சம் மேலயே ஏத்தி ஏத்திப் பாடிப் பழகினேன். ஒரு வருஷம். தொண்டை போச்சு. ‘வுடு கோமதி, நாயனத்துக்கு எழுதிக்கிறேன்’னாரு. அவ்ளோதான்.”

மௌனம், நாதம், துறவு... ஆறு பக்கம் எழுதியிருந்தேனே!

நான் மறுபடியும் பெல்ட்டைப் பற்றி ஏதோ ஆரம்பித்தேன். கோமதி கையைக் காட்டி நிறுத்தினார்.

“அந்த மெஷின்ல என் கேசட்ட மட்டுந்தான் கேட்டீங்களா?”

இல்லை. அதே வாரம் இன்னொன்றும் கேட்டேன். பெரிய வித்வான் ஒருவருடையது. அதே டேப் ரெக்கார்டர், அதே தளர்ந்த பெல்ட். அவரும் அரைக் கட்டை கீழேதான் ஒலித்திருப்பார். அவரும் இழுத்துக்கொண்டுதான் போயிருப்பார். ஆர்மோனியத்தை எடுத்துச் சரிபார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என்ன எழுதினேன் தெரியுமா? ‘வயது தந்த கனிவு. அவசரமில்லாத கம்பீரம்.’

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு நானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை. அன்றைக்குச் சொன்னேன்.

கோமதி சிரித்தார். அதைச் சிரிப்பு என்று சொல்லலாமா, தெரியவில்லை.

“அப்ப பெல்ட்ட ஏண்ணே திட்றீங்க? அது எல்லாருக்கும் ஒரே மாதிரிதான சுத்தியிருக்கு!”

முப்பது வருஷமாக நான் ஒரு ரப்பர் வளையத்தின் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன். அந்த அம்மா அதைச் சுண்டுவிரலில் மாட்டித் தூக்கிக் காட்டிவிட்டார்.

“உள்ள போயி இதச் சொல்லுங்க. பெல்ட்டோட நிறுத்தாதீங்க. அந்தப் பெரியவரு கேசட்டையும் சேத்துச் சொல்லுங்க.”

“மாசிலாமணிக்கு...”

“அவருக்கும் அப்பதான் தெரியட்டும்.”

மேடை ஏறினேன். கையேட்டைத் தூக்கிக் காட்டி, “இதிலுள்ள முன்னுரை பொய்” என்று ஆரம்பித்தேன். ஹாலில் யாரோ சிரித்தார்கள். நகைச்சுவை என்று நினைத்திருப்பார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. இருபது நிமிஷம் கொடுத்திருந்தார்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. உண்மைக்கு அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை. முன்னுரைக்குத்தான் ஆறு பக்கம்.

முதல் வரிசையில் மாசிலாமணி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்க்கவே இல்லை. மெல்லத் திரும்பி, மூன்றாவது வரிசையில் இருந்த மனைவியைப் பார்த்தார்.

“அப்ப... நம்ம மெஷின் சரியாத்தான் ஓடிச்சா கோமதி?”

“சரியாத்தான் ஓடிச்சி.”

“நான்தான...” என்று ஆரம்பித்தவர், முடிக்கவில்லை. அத்தனை வாத்தியங்களுக்கு எழுதிய மனிதருக்கு ஒரு வாக்கியம் வரவில்லை.

செல்வம் இருந்த பக்கம் கோமதி திரும்பினார்.

“போடுப்பா.”

“எதக்கா?”

“மொதோ கேசட்ட.”

செல்வம் போட்டார். தம்புரா மட்டும் கொஞ்ச நேரம் ஒலித்தது. பிறகு அந்தக் குரல் வந்தது. நான் மேடையிலேயே நின்றுவிட்டேன். இறங்கவும் தோன்றவில்லை, உட்காரவும் தோன்றவில்லை. ஆனால் அன்றைக்கு முதல்முறையாக வெளியே போகத் தோன்றவில்லை. கோமதி குனிந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போகவில்லை. மாசிலாமணி முதல் வரிசையிலிருந்து எழுந்து போய் மூன்றாவது வரிசையில் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கோமதி திரும்பிப் பார்க்கவில்லை. கைப்பையை மட்டும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

பாட்டு எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? சொல்லமாட்டேன். அதைப் பற்றி நான் ஒருமுறை எழுதியது போதும்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது, “மன்னிச்சிடும்மா” என்றேன்.

“அத யோசிச்சிச் சொல்றேன் அண்ணே” என்றார் கோமதி. “அச்சுல எழுதினத அச்சுல மாத்துங்க. மொதல்ல அத செய்யிங்க.”

மேடையில் சொன்னது நூறு பேர் காதோடு போயிற்று. அச்சில் எழுதியதை அச்சில்தானே அழிக்க வேண்டும்? இந்த வாரப் பத்தி அதற்காகத்தான். கருவிக் கோளாறு என்று எழுதப்போவதில்லை. அந்தச் சலுகையையும் அந்த அம்மா பிடுங்கிக்கொண்டுவிட்டார்.

திருத்தம்: ‘சுரபுன்னை’, பாடியவர் கோமதி. விமர்சகரின் காது பெரிய பெயருக்கு ஒரு மாதிரியும் புதுப் பெயருக்கு வேறு மாதிரியும் கேட்டுவிட்டது. அட்டையில் போட்டிருந்ததே சரி.

ஐந்து கட்டை.